கள்ளக்குறிச்சியில் இருந்து ஒரு தீவுக்கு!
பாட்டிக்குத் தீர்த்தம், பிள்ளைகளுக்குக் கடல், அம்மாவுக்கு?

கல்வராயன் மலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் கோமுகி அணை தான். லீவு விட்டால் கரியாலூரில் படகு சவாரி. மேகம் அருவியில் குளியல். கடலைப் படத்தில் பார்த்ததோடு சரி.

தீவு என்றதும் அந்தமானும் ஆகாய விமானமும் நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போவானேன்? ராமேசுவரமும் ஒரு தீவு தானே! நான்கு புறமும் கடல். பஸ்சிலும் போகலாம், ரெயிலிலும் போகலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், ஆயா. ஆயாவுக்கு 22 தீர்த்தத்திலும் நீராட ஆசை. பையனுக்கு அலையில் ஆட ஆசை. சின்னவளுக்குக் கிளிஞ்சல் பொறுக்க வேண்டும். அப்பாவுக்கோ ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும்! அம்மாவுக்கு என்ன ஆசை? அதை யாரும் கேட்பது இல்லை.

ஒரே நாள் என்பதை முதலில் மறந்து விடுங்கள். ஓர் இரவாவது தங்க வேண்டும்.

எப்போது போவது?

அரையாண்டு லீவு டிசம்பரில் வருகிறது. அது மழை, புயல் காலம். தனுஷ்கோடியைப் புயல் அழித்ததும் 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவில் தான். அன்று பாம்பனில் இருந்து போன ரெயிலோடு நூறு பேருக்கு மேல் கடலில் போனார்கள். ஆகவே வானிலை அறிவிப்பைக் கேட்காமல் மூட்டை கட்டாதீர்கள். ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் நெரியும். ஆயா விரும்புவார், சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. பொங்கல் கழிந்த நாட்கள் நல்லவை. கோடை லீவில் போனால் வெயில் கொளுத்தும். ஆனாலும் ஒரு லாபம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப் படகுகள் மீன் பிடிக்கத் தடை. படகுகள் எல்லாம் துறையில் வரிசையாக நிற்கும். பையன் ஆசை தீரப் பார்க்கலாம்.

விழுப்புரத்தில் இரவு ரெயில் ஏறினால் தூங்கிக்கொண்டே போய்ச் சேரலாம். ஆனால் பாம்பன் பாலம் இருட்டில் தெரியாது! 1914-ல் கட்டிய பழைய ரெயில் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தார்கள். நீளம் 2 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வந்தால் நடுவில் உள்ள 72.5 மீட்டர் துண்டு அப்படியே மேலே ஏறும். இதைப் பார்க்காமல் தூங்கலாமா? விடியற்காலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, திருச்சி, காரைக்குடி வழியாக பஸ்சிலோ வேனிலோ கிளம்புங்கள். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் போகும்போது ரெயில் பாலம் பக்கத்திலேயே தெரியும்.

வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். அதைப் பார்த்துவிட்டு, மாலையில் அக்னி தீர்த்தக் கரை. அங்கே பெரும்பாலும் அலை குறைவு. பிள்ளைகள் முதன் முதலாகக் கடலில் கால் வைக்க ஏற்ற இடம்.

மறுநாள் அதிகாலை ஆயாவின் நேரம். ஈரத் துணியோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள். மாற்றுத் துணி தேவை. தரை வழுக்கும். ஆயாவின் கையைப் பையன் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு மூன்றாம் பிராகாரத்தின் தூண்களை எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் 1,212. பாதியில் விட்டு விடுவான்!

வெயில் தணிந்ததும் தனுஷ்கோடி. இடிந்த மாதா கோவிலைத் தாண்டிப் போனால் அரிச்சல்முனை. இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியானதைப் பெண் கடல் என்றும், சீறுவதை ஆண் கடல் என்றும் ஊரார் சொல்கிறார்கள். இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோ மீட்டர் தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். அந்தத் தைரியத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றேன். அலை திரும்பியபோது காலுக்கு அடியில் இருந்த மணலையே உருவிக்கொண்டு போயிற்று. உட்கார்ந்து விட்டேன். அடுத்த அலை இழுத்தது. ஒரு மீனவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னேன். "கடலு அணை இல்லப்பா" என்றார்.

அங்கே பிள்ளைகள் கரையிலேயே நிற்கட்டும். சின்னவள் கிளிஞ்சல் பொறுக்கட்டும். பவளப் பாறைத் துண்டை மட்டும் எடுக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். இருட்டுவதற்குள் திரும்பி விடுங்கள்.

ஆமாம், அம்மா? எங்கள் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு நாளைக்கு யாரும் என்னை 'என்ன சமையல்?'னு கேக்கக் கூடாது. கடலைப் பாத்துக்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காரணும்" என்றார். அக்னி தீர்த்தக் கரையில் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். ஈரத் துணி மூட்டையை அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.