நெடுந்திரையின் வரவு

பசிபிக் பெருங்கடலின் நடுவே அமைந்தவை ஹவாய்த் தீவுகள். அவற்றுள் ஒன்றாகிய ஓவாகூவின் வடகரையில் வைமேயா என்னும் சிறு குடா உள்ளது. கோடையில் அங்குக் கடல் குளம்போல் கிடக்கும்; சிறுவர் நீந்தி விளையாடுவர். குளிர்காலத்தின் சில நாள்களிலோ அதே குடாவில் நான்கு மாடி உயரத்திற்குத் திரைகள் எழுந்து முழங்கும். 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அவ்வடகரையில் எழுந்த திரைகள் வீடுகள் பலவற்றை இடித்துத் தள்ளின. அவற்றை எழுப்பிய புயலோ வடபசிபிக்கில் வெகு தொலைவில் வீசியது.

அலைச்சறுக்கு ஹவாய் மக்களின் பழங்கலை. வைமேயாவில் உயிர்காப்பாளராய்ப் பணிபுரிந்து பலரைக் காத்தவர் எட்டி ஐகாவ். 1978இல் அவர் சென்ற மரக்கலம் கவிழ்ந்தபோது, தோழருக்கு உதவி தேடித் தம் சறுக்குப் பலகைமேல் தனியே கடலிற் சென்றார்; மீண்டிலர். அவர் நினைவாக நடைபெறும் போட்டி, திரையின் முகப்பு ஏறத்தாழ 12 மீட்டர் உயர்ந்தாலன்றி நடத்தப்படுவதில்லை. ஆதலின் பல ஆண்டுகள் போட்டியின்றியே கழிவதுண்டு; 2023 ஜனவரியிலும் 2024 டிசம்பரிலும் அது நடந்தது. அயல்நாட்டு வீரர் வந்து சேர வேண்டுமாதலால், திரை வரும் நாளைச் சில நாள் முன்னரே அறிதல் வேண்டும். அஃது எங்ஙனம் இயலும்?

காற்றின் வேகம், அது வீசும் காலம், தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றுமே அலையின் அளவை உறுதி செய்வன. புயலின்கண் எழும் அலைகள் ஒழுங்கற்றவை. அவை புயலை விட்டு நீங்கித் தொலைவு செல்லச் செல்ல, ஒழுங்கான நெடுந்திரைகளாய்ப் பிரியும். இங்கு நீர் பயணம் செய்வதில்லை; திரையின் வடிவமே பயணம் செய்கிறது. சுருளுதலைத் திரைதல் என்றும், சுருண்டு வருவதைத் திரை என்றும் வழங்கிய நம் முன்னோரின் சொல்லாட்சி எண்ணி மகிழத்தக்கது.

ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வருவதற்காகும் நேரம் அலைவுக்காலம் எனப்படும். அலைவுக்காலம் மிக்க திரைகள் விரைந்து செல்வன. ஆழ்கடலில் 20 விநாடித் திரைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் செல்லும். 10 விநாடிக் கூட்டம் 28 கிலோமீட்டரே செல்லும். 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் புயல் வீசின், முன்னது இரண்டேகால் நாளிலும் பின்னது நான்கரை நாளிலும் கரை சேரும். ஆகவே முதலில் வருவது மிக நீண்ட திரை. பின் வருபவை வரவரக் குறுகும். அவை குறுகும் விரைவைக் கொண்டு, புயல் பிறந்த இடத்தின் தொலைவையும் கணக்கிட்டுவிடலாம்.

இத்துறைக்கு வழிகோலியவர் ஹரால்டு ஸ்வெர்ட்ரப் என்னும் நார்வே அறிஞரும் அவர்தம் மாணவர் வால்ட்டர் மங்க்கும் ஆவர். இரண்டாம் உலகப் போரில் படகுகள் வீரரைக் கரையிறக்கும்போது அலைகளால் கவிழ்வதைக் கண்ட மங்க், அலையை முன்னறியும் முறையை வகுக்க முற்பட்டார். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையிறக்கத்திற்கு அம்முறை பயன்பட்டது. 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவு நிலையங்கள் அமைத்து, தென்கடற் புயல்கள் எழுப்பிய திரைகள் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருவதை அவர் மெய்ப்பித்தார்.

இன்று கடலில் மிதவைகள் காவல் நிற்கின்றன. வைமேயாவிற்கு வடமேற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிற்கு 51001 என்னும் எண்ணுடைய மிதவை உரியது. மிதவை ஏறி இறங்குவதை அதனுள் அமைந்த முடுக்கமானி உணரும். அதிலிருந்து உயரமும் அலைவுக்காலமும் கணிக்கப்பெற்றுச் செயற்கைக்கோள் வழியே கரைக்கு வரும். அம்மிதவையைத் தாண்டிய 20 விநாடித் திரை வைமேயாவை அடைய ஒன்பது மணி நேரமாகும். மிதவை கூறும் உயரம், மிகப் பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியே. அதனினும் ஏறக்குறைய இருமடங்குள்ள தனித்திரையும் இடையே வரக்கூடும்.

உயரத்தை மட்டும் நோக்குவோர் ஏமாறுவர். இரண்டு மீட்டர் உயரமுள்ள இரு திரைகளுள் ஒன்று 8 விநாடியும் மற்றொன்று 18 விநாடியும் உடையன எனக் கொள்வோம். முன்னது 50 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்கும். பின்னது 250 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்துவிடும். அடி தடுக்க வேகம் குறையும். குறையவே ஆற்றல் குவிந்து திரை ஓங்கும். மிதவையில் இணையாகத் தோன்றியவை கரையில் ஒன்று சிற்றலையாகவும் ஒன்று பேரலையாகவும் முடிகின்றன.

மிதவையோ வந்துவிட்ட திரையையே அறிவிக்கும். வரவிருப்பதைச் சொல்வது கணிப்பொறி. வேவ்வாட்ச் மூன்று முதலிய மென்பொருள்கள் கடலைச் சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் காற்று ஈயும் ஆற்றலையும் நுரையாய் அழியும் ஆற்றலையும் கணக்கிடுகின்றன. காற்றின் கணிப்பு பிழைபடின் அலையின் கணிப்பும் பிழைபடும். அப்பிழையைக் காட்டிக் கொடுப்பதும் மிதவையே.

இவ்வியல்பு ஹவாய்க்கு மட்டும் உரியதன்று. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்களின் நெடுந்திரைகள் சில நாள் பயணம் செய்து கேரளக் கரையையும் குமரிக் கரையையும் தாக்குவதுண்டு. ஆழ்கடலில் அவற்றின் உயரம் சிறிதே, அலைவுக்காலம் பெரிது. கரையில் காற்றின் அறிகுறியின்றி, கள்வன்போல் வந்து புகுதலின் மீனவர் அதனைக் கள்ளக்கடல் என்பர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதனை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை இழுத்துச் சென்றது, ஐவரும் உயிரிழந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்னரே வெளியாகியிருந்தது.