மையர், நொயர்: இருவருக்கும் எண் 67

ஜெர்மானிய மூதாதையரைத் தேடப் புகுந்தவர்களைத் திணறடிக்கும் குடும்பப் பெயர்களில் ஒன்று மையர். ஒரு வீட்டார் நடுவில் 'ஒய்' போடுவார்கள், அடுத்த வீட்டார் 'ஐ' போடுவார்கள். அதற்கு முன்னால் வருவது 'ஏ'யா 'ஈ'யா என்பதும் அவரவர் வழக்கம். காதுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரே ஆளின் ஞானஸ்நானக் குறிப்பில் ஒரு விதமாகவும் அடக்கக் குறிப்பில் வேறு விதமாகவும் இருப்பது உண்டு.

ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தது 1876 ஜனவரி 1 அன்றுதான். அதற்கு முன் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகளே கதி. பெயரைச் சொல்ல வந்த குடியானவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பாதிரியார் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். சாக்சனி வட்டாரப் பேச்சிலோ 'பாம்பு' என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் இரண்டு பகரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மங்கிவிடும். போதாக்குறைக்கு 'குர்ரென்ட்' என்னும் பழைய கையெழுத்தில் 'ஈ'யும் 'என்'னும் ஏறக்குறைய ஒரே உருவம். பெண்களுக்கு 'இன்' விகுதி சேர்த்து, முல்லர் வீட்டுப் பெண்ணை 'முல்லரின்' என்று எழுதிவைத்த ஏடுகளும் ஏராளம்.

ஆகவே எழுத்தை விட்டுவிட்டு ஒலியைத் தேடலாம் என்று 1969இல் ஒரு முறையை வெளியிட்டார் ஹான்ஸ் யோவாகிம் போஸ்டல். 'கோலோன் ஒலிப்புமுறை' என்று பெயர். மெய்யெழுத்துகளை ஒலி இனத்துக்கு ஓர் எண்ணாக மாற்றும், 'எச்'சைக் கண்டுகொள்ளாது, உயிரெழுத்து முதலில் வந்தால் மட்டும் 0 என்று வைத்துக்கொள்ளும். மகரமும் னகரமும் 6, ரகரம் 7. மையரை எப்படி எழுதினாலும் 67. வேடிக்கை என்னவென்றால், 1974இல் உலகக் கோப்பை வென்ற கோல்கீப்பர் செப் மையருக்கும், 2014இல் வென்ற மானுவல் நொயருக்கும் இதே 67தான்! வலையை அகலமாக வீசினால் வேண்டாத மீனும் விழத்தான் செய்யும். ஆனாலும் தேடல் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

கடல் தாண்டிய பெயர்களிடம் இந்த முறை தடுமாறுகிறது. 1741இல் பென்சில்வேனியாவில் வந்து இறங்கிய ஐசன்ஹவர் குடும்பத்தின் பெயரில், பிற்காலத்தில் 'யு' இருந்த இடத்தில் 'டபிள்யூ' ஏறியது. அமெரிக்க அதிபரைத் தந்த வம்சம் அது. பழைய எழுத்துக்கு எண் 0867, புதியதற்கு 08637. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது.

எனவே கப்பலேறிய முன்னோரைத் தேடுபவர்கள் எண்ணோடு நிற்காதீர்கள். ஊர்ப் பெயரையும், ஞானஸ்நானத்துக்கு வந்து நின்ற ஞானப் பெற்றோர் யார் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை பொருந்திய பிறகு எழுத்து வேறுபட்டால் கவலை வேண்டாம்.