ஓட்டலுக்குத் தேடிப்போன மாணவர்!

1928-ம் ஆண்டு. ஜெர்மனியில் இருந்து ஒரு பெரிய விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். அவர் பெயர் சோமர்பெல்டு. அணுவைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது.

மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு மாணவர் அந்தப் புத்தகத்தை ஏற்கனவே படித்து முடித்திருந்தார். வயது 18 நிரம்பியதோ, இல்லையோ! ஆனாலும் துணிச்சலாக, பேராசிரியர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டார்.

அந்த மாணவர்தான் சந்திரசேகர். சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர்.

தூக்கிவாரிப் போட்டது

"உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டேன்" என்று சொன்னால் யாரும் பாராட்டைத்தான் எதிர்பார்ப்பார்கள். நடந்ததோ வேறு.

அந்தப் புத்தகத்தில் உள்ள விஷயங்கள் பழையதாகிவிட்டன என்று சோமர்பெல்டு சொல்லிவிட்டார். ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகிய விஞ்ஞானிகள், அணுவைப் பற்றிய கணக்கையே அடியோடு மாற்றியிருந்தார்கள். அதெல்லாம் 1925 முதல் நடந்தது. சென்னை மாணவருக்கு அது தெரியவில்லை.

மாணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. சோமர்பெல்டு தாம் புதிதாக எழுதிய ஒரு கட்டுரையின் 'புரூப்' தாள்களை அவரிடம் கொடுத்தார். அந்தக் கட்டுரை அப்போது வெளிவரவே இல்லை. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அது புதிய கணக்கு முறையில் விளக்கியது.

நூல் நிலையத்தில் கிடைத்த துப்பு

சந்திரசேகர் அந்தத் தாள்களைக் கருத்தாகப் படித்தார். இந்தப் புதிய முறையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசித்தார். எக்ஸ்ரே கதிர் எலெக்ட்ரான் மீது மோதிச் சிதறுவதற்கு அதைப் பொருத்திப் பார்த்தார். சில மாதங்களில் ஒரு கட்டுரை தயாராகிவிட்டது.

அதை யாருக்கு அனுப்புவது? நூல் நிலையத்தில் இருந்த ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் விடை கிடைத்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பௌலர் என்பவர் 1926-ல் எழுதிய கட்டுரை அதில் இருந்தது. 'வெண்குள்ளன்' என்று ஒருவகை நட்சத்திரம் உண்டு. சூரியன் அளவு பொருள், பூமி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். அது மேலும் சுருங்காமல் நிற்பது ஏன் என்று பௌலர் விளக்கியிருந்தார். எந்த முறையில்? சோமர்பெல்டின் தாள்களில் இருந்த அதே புதிய முறையில்!

1929 ஜனவரியில் சந்திரசேகர் தம் கட்டுரையை பௌலருக்குத் தபாலில் அனுப்பினார். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் பத்திரிகையில் அது வெளிவந்தது.

1930-ல் அவர் மேல்படிப்புக்காகக் கப்பல் ஏறினார். பயணத்தின்போது பௌலரின் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார். எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடினால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. அதையும் சேர்த்தார். வெண்குள்ளனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று தெரிந்தது! அது சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. 'சந்திரசேகர் எல்லை' என்று உலகம் அதை அழைக்கிறது. அப்போது அவருக்கு வயது 19.

நம் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

இன்று பள்ளிக்கூடத்திலேயே 'புராஜெக்ட்' செய்யச் சொல்கிறார்கள். பல பிள்ளைகள் முதல் நாளே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓர் இடத்தில் கண்டதை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். அது ஆராய்ச்சி ஆகாது.

முதலில் கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். 'தண்ணீர்' என்பது கடல் போன்ற விஷயம். 'எங்கள் தெருக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் இறங்குகிறது?' என்பது கைக்கு அடங்கிய கேள்வி.

அடுத்து, அதைப்பற்றிப் பிறர் அறிந்தது என்ன என்று தேட வேண்டும். பாடப்புத்தகத்தில் தொடங்கலாம். பிறகு கலைக்களஞ்சியம். புத்தகத்தின் கடைசியில் வேறு நூல்களின் பெயர்கள் இருந்தால், அவற்றைப் பிடித்துக்கொண்டு போகலாம். நூலகரைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. கிணற்றைப் பற்றி அந்தத் தெருப் பாட்டிக்குத் தெரிந்தது புத்தகத்தில் இருக்காது. அவரையும் கேட்க வேண்டும்.

எதைப் படித்தாலும் ஆண்டைப் பார்க்க வேண்டும். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது 1954-ல். அருமையான நூல்தான். ஆனால் சந்திரனில் மனிதன் இறங்கியது 1969-ல். அந்தச் செய்தியை அதில் தேடினால் கிடைக்குமா? இன்டர்நெட்டில் பார்ப்பதற்கும் இதே விதிதான். எழுதியவர் யார், எழுதியது எப்போது என்று தெரியாத தகவலை நம்பி இறங்கக் கூடாது. இரண்டு இடங்களில் ஒத்துப் பார்ப்பது நல்லது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று உடனே குறித்துக்கொண்டால் பிறகு அலைய வேண்டாம்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. பிள்ளை ஒரு புதிய விஷயத்தைச் சொன்னால், "இதை எங்கே படித்தாய்? அது எந்த ஆண்டு எழுதியது?" என்று கேளுங்கள். அதிகம் படிக்காத தாயும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. பதில் தெரியாத பிள்ளை, மறுபடியும் நூல் நிலையத்துக்குப் போகும்!