அமோக் டைம் (ஸ்டார் ட்ரெக்)

அமோக் டைம் என்பது ஸ்டார் ட்ரெக் என்னும் அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவத்தில் முதலாவதாக ஒளிபரப்பான அத்தியாயம் ஆகும். இது செப்டம்பர் 15, 1967 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் வெளியானது. அறிபுனை எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜன் எழுத, ஜோசப் பெவ்னி இயக்கினார். எண்டர்பிரைஸ் விண்கலத்தின் அறிவியல் அலுவலரான ஸ்பாக்கிற்குச் சிறுவயதில் பெற்றோர் நிச்சயித்த திருமணமும், அதனை மணமகள் டிபிரிங் மறுக்கும் விதமும் இதன் கதைப்பொருள். தலைப்பில் உள்ள அமோக் என்பது மலாய் மொழிச் சொல்; தன்னிலை மறந்து கொலைவெறி கொண்டு திரிவதைக் குறிக்கும்.

பின்னணி

ஸ்பாக்கின் தந்தை வல்கன் என்னும் கோளைச் சேர்ந்தவர். தாய் பூமியைச் சேர்ந்தவர். வல்கன்கள் உணர்ச்சிகளை அடக்கி, ஏரணத்தை (தருக்கத்தை) மட்டுமே வாழ்க்கை நெறியாகக் கொண்டவர்கள். ஆனால் பருவம் வந்த வல்கன் ஆண்கள் பொன் ஃபார் எனப்படும் ஓர் உடலியல் நிலைக்கு ஆளாகின்றனர். அப்போது அறிவின் கட்டுப்பாடு அற்றுப் போகிறது. தம் கோளுக்குத் திரும்பி மணம் புரியாவிடில் உயிரே போய்விடும். இதனை வெளியாருக்குச் சொல்வதற்கு வல்கன்கள் மிகவும் நாணுகின்றனர். கப்பல் தலைவர் கிர்க் வற்புறுத்திக் கேட்ட பின்னரே, முட்டையிடத் தாம் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் சால்மன் மீன்களை உவமை காட்டி ஸ்பாக் விளக்குகிறார். தம் உடலில் பாதி மனிதக் குருதி ஓடுவதால் இந்நிலை தமக்கு நேராது என்று அவர் நம்பியிருந்தார்.

கதைச் சுருக்கம்

எப்போதும் அமைதியான ஸ்பாக், செவிலியர் சாப்பல் அன்புடன் கொண்டுவந்த சூப்புக் கிண்ணத்தை வீசியெறிவதில் கதை தொடங்குகிறது. வல்கனுக்குக் கொண்டுசெல்லாவிடில் அவர் சில நாட்களில் இறந்துவிடுவார் என்று மருத்துவர் மெக்காய் கண்டறிகிறார். கிர்க் மேலிடத்து ஆணையை மீறிக் கப்பலை வல்கனுக்குத் திருப்புகிறார். மணமகனின் நெருங்கிய நண்பர்கள் சடங்கில் உடன் நிற்பது வழக்கம் என்பதால் கிர்க்கும் மெக்காயும் ஸ்பாக்குடன் செல்கின்றனர்.

சடங்கு நடைபெறும் இடம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்பாக்கின் குடும்பத்திற்கு உரியது. டிபாவ் என்னும் மூதாட்டி தலைமை தாங்குகிறார். சடங்கின் நடுவே டிபிரிங் மணத்தை மறுத்துப் போட்டியைக் கோருகிறார். தமக்காகப் போரிட அவர் தேர்ந்தெடுப்பது தாம் விரும்பும் ஸ்டானை அன்று, கிர்க்கை. இது ஒருவர் இறக்கும் வரை நடக்கும் போர் என்பது, கிர்க் ஒப்புக்கொண்ட பிறகே அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. வெப்பமான, காற்றடர்த்தி குறைந்த அச்சூழலைத் தாங்குவதற்கென்று சொல்லி மெக்காய் கிர்க்கிற்கு ஓர் ஊசி போடுகிறார். ஸ்பாக் கிர்க்கைக் கழுத்து நெரித்துக் கொன்றுவிட்டதாகக் கருதப்படும் அக்கணத்தில் அவரது வெறியும் தணிந்துவிடுகிறது. மெக்காய் செலுத்தியது உடலைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் மருந்து என்பது கப்பலுக்குத் திரும்பிய பின்னரே ஸ்பாக்கிற்குத் தெரியவருகிறது.

திருமண முறை

ஸ்பாக்கும் டிபிரிங்கும் ஏழு வயதில் பெற்றோரால் இணைக்கப்பட்டவர்கள். அச்சடங்கில் ஒருவர் மனதை மற்றவர் தொட்டுணர்ந்து, உரிய காலம் வரும்போது இருவரும் ஒருவரையொருவர் நாடும்படி பிணைப்பு ஏற்படுத்தப்படுகிறது. இது வெறும் நிச்சயதார்த்தத்தை விட அதிகமானது, முழுத் திருமணத்தை விடக் குறைவானது என்று ஸ்பாக் விவரிக்கிறார். கதை நிகழும் நாள் வரை பெரியவர்களாக அவர்கள் ஒன்றாக வாழ்ந்ததாக இவ்வத்தியாயத்தில் குறிப்பு ஏதும் இல்லை.

சடங்கின் பெயர் கூன்-உட்-கல்-இஃபி. மணம் அல்லது போட்டி என்பது இதன் பொருளாகத் தரப்படுகிறது. பெண்ணுக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமைக்கு விலை மிக அதிகம். போட்டியைக் கோரும் பெண், வென்றவருக்கு மனைவியாக அன்று, எவ்வித உரிமையுமற்ற உடைமையாகவே ஆகிவிடுவாள் என்று டிபாவ் சடங்கிடையே எச்சரிக்கிறார். டிபிரிங் அதனை அறிந்தே ஏற்கிறார்.

டிபிரிங்கின் ஏரணம்

அத்தியாயத்தின் சிறந்த பகுதி, போர் முடிந்தபின் ஸ்பாக் காரணம் கேட்க, டிபிரிங் அளிக்கும் விடையாகும். ஸ்பாக் தம் மக்களிடையே பெரும்புகழ் பெற்றுவிட்டார். புகழ்பெற்றவரின் மனைவியாக வாழத் தமக்கு விருப்பமில்லை. சட்டப்படி மணமுறிவுக்குப் போட்டியைத் தவிர வேறு வழியும் இல்லை. எனவே அவர் எல்லா முடிவுகளையும் முன்கூட்டியே கணக்கிட்டிருக்கிறார். கிர்க் வென்றால் அவருக்கு டிபிரிங் தேவையில்லை, விட்டுவிடுவார். ஸ்பாக் வென்றால், போட்டியைக் கோரியவளை விரும்பாமல் விடுவித்துவிடுவார். அப்படி விடுவிக்காவிட்டாலும் அவர் விண்வெளிக்குத் திரும்பிவிடுவார். அவரது பெயரும் சொத்தும் டிபிரிங்கிடம் இருக்கும். எப்படியாயினும் ஸ்டான் கிடைப்பார். ஸ்டானே போரிட்டிருந்தால் இறந்திருக்கக்கூடும் என்பதை டிபிரிங் வாய்விட்டுச் சொல்வதில்லை; பார்வையாளர் ஊகித்துக்கொள்ளலாம்.

குறையற்ற ஏரணம் என்று ஸ்பாக் இதனைப் பாராட்டுகிறார். எனினும் இக்கணக்கில் ஓர் உயிர் பலியாவது எல்லா முடிவுகளுக்கும் பொது. வழக்கத்தை அறியாத கிர்க்கின் உயிர் டிபிரிங்கிற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவரை வஞ்சகி என்று மட்டும் கொள்வதும் பொருந்தாது. ஏழு வயதில் செய்யப்பட்ட ஏற்பாட்டிலிருந்து வெளியேற அச்சமூகம் அவருக்கு விட்டுவைத்தது இந்த ஒரே வழியைத்தான். விரும்பியதை அடைவது, அதனை விரும்பிக் காத்திருந்ததைப் போல் இனிப்பதில்லை என்ற கருத்தைச் சொல்லி ஸ்பாக் அவரை ஸ்டானிடம் விட்டுச் செல்கிறார்.

ஸ்பாக்கின் பெற்றோர் இத்திருமணத்தில் காணப்படாதது ஒரு விந்தை. அவர்கள் நவம்பர் 17, 1967 அன்று வெளியான ஜர்னி டு பாபெல் அத்தியாயத்தில்தான் தொடரில் அறிமுகமாகின்றனர். தந்தையும் மகனும் 18 ஆண்டுகளாக மனம்விட்டுப் பேசவில்லை என்று அதில் கூறப்படுகிறது.

பிற தொடர்களில்

ஸ்டார் ட்ரெக்: எண்டர்பிரைஸ் தொடரில் 2004 இல் வெளியான ஹோம் அத்தியாயத்தில், டிபோல் என்னும் வல்கன் பெண் கோஸ் என்பவரை மணக்கிறார். இதுவும் சிறுவயதில் நிச்சயிக்கப்பட்டதே. டிபோல் விரும்பி இசையவில்லை. பதவி இழந்த தம் தாய்க்கு அப்பதவியை மீட்டுத்தர கோஸ் குடும்பத்தின் செல்வாக்கு உதவும் என்பதற்காகவே ஒப்புக்கொள்கிறார். இங்கு வாள்வீச்சும் குருதியும் இல்லை. அமோக் டைமை விட இதுவே நடைமுறை வாழ்க்கைக்கு நெருக்கமான சித்தரிப்பு எனலாம். பின்னர் கோஸ் தாமாகவே அவரை மணவுறவிலிருந்து விடுவிக்கிறார்.

2022 இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்: ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடர், அமோக் டைமுக்கு முந்தைய காலத்தைக் காட்டுகிறது. அதில் ஜியா சந்து நடிக்கும் டிபிரிங் ஸ்பாக்கை உண்மையாகவே நேசிப்பவர். பணியும் கடமையுமாக அவர் விலகியிருப்பதே பிணக்கின் காரணம். 1967 இல் சில நிமிடங்களே தோன்றிய, ஆர்லீன் மார்ட்டெல் நடித்த பாத்திரத்திற்கு இவ்வாறு ஒரு முன்கதை கிடைத்துள்ளது.

பிற தகவல்கள்

விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும் வல்கன் வணக்கம் முதன்முதலில் இவ்வத்தியாயத்தில்தான் இடம்பெற்றது. ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமோய், சிறுவயதில் யூதத் தொழுகைக்கூடத்தில் கண்ட குருமாரின் ஆசி முத்திரையிலிருந்து இதனை அமைத்தார். 1968 இல் சிறந்த நாடக ஆக்கத்திற்கான ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஐந்தும் ஸ்டார் ட்ரெக் அத்தியாயங்களே. அவற்றுள் இதுவும் ஒன்று. விருது த சிட்டி ஆன் த எட்ஜ் ஆஃப் ஃபார்எவர் அத்தியாயத்திற்குச் சென்றது.