உருளத் தெரியாத குழந்தை உருண்டு விழுமா?

"கட்டில்லேர்ந்து உருண்டு விழுந்துட்டான் டாக்டர். ரத்தக்கட்டுக்கு ஏதாவது பற்று சொல்லுங்க..."

பேரனைத் தூக்கி வந்த பாட்டி சொன்னார். குழந்தைக்கு மூன்று மாதம். காது மடலில் நீலம் பாய்ந்திருந்தது. நான் அப்போதுதான் வைத்தியம் ஆரம்பித்திருந்தேன். மூசாம்பரத்தை உரைத்துப் போடச் சொல்லி அனுப்பிவிட்டேன். புரளவே ஆரம்பிக்காத பிள்ளை எப்படி உருண்டு விழும்? அன்று கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி இன்றும் உறுத்துகிறது.

ஓடியாடும் பிள்ளைகளுக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது சகஜம். எலும்பு துருத்திய இடங்கள் அவை. ஆனால் காது, கழுத்து, கன்னத்துச் சதை, வயிறு, முதுகு, பிட்டம், உள்தொடை? சாதாரணமாகக் கீழே விழுந்தால் இங்கெல்லாம் அவ்வளவு சுலபத்தில் கன்றாது. தவழாத குழந்தைக்கோ, உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் விசாரித்தே ஆகவேண்டும்.

காயத்தின் வடிவத்தையும் பாருங்கள். ஒயரை மடித்து அடித்தால் லாடம் போலத் தடம் விழும். ஓங்கி அறைந்தால் விரல்விரலாகக் கோடுகள். வெந்நீரைத் தானே இழுத்துக் கொட்டிக்கொண்ட பிள்ளைக்குப் புண் தாறுமாறாகச் சிதறியிருக்கும். பிடித்து அமுக்கியிருந்தால், சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் நிற்கும். சிகரெட் சூடு வட்டமாக, 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நிறத்தை வைத்து 'இது நாலு நாள் காயம்' என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்!

அதற்காக அவசரப்பட்டு யார்மீதும் பழி போட்டுவிடாதீர்கள். நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே நீலச்சாம்பல் நிறத்தில் மச்சம் இருக்கும். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தாலும் தோல் கன்றும். அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

மாந்தம், மஞ்சள்காமாலை என்று பச்சைக் குழந்தையின் வயிற்றில் சூடு வைக்கிற வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. சித்த நூல்களில் 'சுட்டிகை' இருக்கிறதே என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. இருக்கட்டும், சிசுவைச் சுடுவதை நான் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாட்டிமார்களே, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். காதுக்குப் பின்னாலும் பாருங்கள். சந்தேகம் வந்தால் பற்றுப் போட்டு மூடாதீர்கள். அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள். பேசத் தெரிந்த பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். தானாகச் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். 'குடும்ப மானம் போயிடுமே' என்று வீட்டில் தடுத்தால், 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.