படம் ஏன் மங்குகிறது?

சென்ற ஆண்டு மலரைப் புரட்டியவர்கள் ஒரு குறையைக் கவனித்திருப்பீர்கள். நம் பள்ளியில் நெடுங்காலம் மணியடித்து ஓய்வு பெற்ற ஆயாம்மாவின் பிரிவுபசார விழா பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தோம், படம் ஒன்றுமில்லை. எடுக்காமல் இல்லை. புகைப்படக் குழுவினராகிய நாங்கள் பதினேழு படங்கள் எடுத்தோம். பழைய மாணவி ஒருவர் பள்ளிக்குப் பரிசளித்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா அன்றுதான் எங்கள் கைக்கு வந்திருந்தது. அதன் பின்புறச் சிறு திரையில் எல்லாம் அழகாகவே தெரிந்தன. கணிப்பொறியில் பெரிதாக்கியபோது ஒன்றுகூடத் தேறவில்லை. வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டிருந்த ஆயாம்மா, "என் மூக்கு எங்கே பாப்பா?" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அழித்துவிடத்தான் நினைத்தோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்யும் எங்கள் தோழியின் தந்தை தடுத்தார். "ரிஜெக்ட் ஆன பீஸைத் தூக்கிப் போடாதீங்கம்மா. தப்பு எங்கேன்னு அதுதான் சொல்லும்" என்றார். அவ்வாறே பதினேழையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். மங்கல் என்பது ஒரே நோயன்று, மூன்று நோய்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

சில படங்களில் மைக்கின் வலைக்கம்பிகள் துல்லியமாக இருக்க, அதன் பின்னால் நின்ற ஆயாம்மாவின் முகம் கரைந்திருந்தது. இது ஃபோகஸ் பிழை. எதைத் தெளிவாக்குவது என்பதைக் காமிராவிடமே விட்டுவிட்டால், அது பெரும்பாலும் அருகிலுள்ள பொருளைப் பற்றிக்கொள்ளும். ஆகவே ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து, அதைக் கண்ணின் மீது வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, காமிரா நிலைகொண்ட பிறகே முழுதும் அழுத்த வேண்டும்.

வேறு சிலவற்றில் மைக், சுவர், மாலை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தன. ஆடியது எங்கள் கை! மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. காமிரா ஷட்டரை 1/10 வினாடி திறந்து வைத்திருக்கிறது. அவ்வளவு நேரம் அசையாமல் பிடிக்க யாரால் முடியும்? 50 மில்லிமீட்டரில் எடுத்தால் ஷட்டர் 1/50 வினாடிக்குக் குறையாத வேகத்தில் இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. நம்முடையது போன்ற சிறிய சென்ஸார் காமிராவுக்கு அதை ஒன்றரை மடங்காக்கி 1/80 எனக் கொள்ளலாம். 250 மில்லிமீட்டர் என்றால் 1/400. இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் தாங்கி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சை அடக்குவோமே, அதுபோல் நிற்க வேண்டும். தூண் கிடைத்தால் சாய்ந்துகொள்ளலாம், வெட்கமில்லை.

மூன்றாவது வகையில் சுவர் தெளிவாக இருந்தது. கும்பிட்ட கைகள் மட்டும் புகைபோல் இருந்தன. ஷட்டர் மூடுவதற்குள் அவை நகர்ந்துவிட்டன. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைக் காகித நெகடிவில் படமெடுத்தார். அந்த முறையில் ஒளி பதிய வெகுநேரம் ஆகும். குறுக்கே நடந்தவர்கள் சுவடின்றி மறைந்துபோவார்கள். லென்ஸில் உள்ள ஆட்டத் தடுப்பு வசதி நம் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும். எதிரே ஓடுகிறவளை நிறுத்தாது. தொடர் ஓட்டத்துக்கு 1/500-க்கு மேல் வேண்டும். காமிராவின் மேல் வட்டில் 'எஸ்' அல்லது 'டிவி' என்றிருப்பதைத் திருப்பினால் இந்த வேகத்தை நாமே வைக்கலாம்.

வேகத்தைக் கூட்டினால் படம் இருளுமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஐ.எஸ்.ஓ. பெற்றோருக்கு இது புதிதன்று. பிலிம் பெட்டியில் 100, 400 என்று போட்டிருந்த அதே எண்தான். அன்று எண்ணை மாற்றப் பிலிம் சுருளையே மாற்ற வேண்டும். இன்று ஒரு பொத்தான் போதும். மண்டபத்தில் 1600 அல்லது 3200 வைக்கத் தயங்க வேண்டாம். சற்றுக் குறுணை தெரியும். குறுணையான முகத்தை அடையாளம் காணலாம்; ஆடிப்போன முகத்தைக் காண முடியாது.

ஜனவரியில் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் பூநாரைகளைப் பார்க்கப் போனோம். ஏ.சி. வேனிலிருந்து இறங்கியதும் ஏரிக்காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் படிந்து, எல்லாம் வெண்பனியாயிற்று. நான்காவது நோயோ என்று பயந்துவிட்டோம்! துடைக்காமல் கால் மணி நேரம் காத்திருந்தோம், தானே விலகிற்று. பறவைகள் எழும்பியபோது 1/1000 வைத்ததில் இரண்டு படங்கள் தேறின. எடுத்தவுடன் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கமும் அன்றுதான் எங்களுக்கு வந்தது.

பிப்ரவரியில் சிஸ்டருடன் ஆயாம்மாவின் வீட்டுக்குச் சென்றோம். ஜன்னலோரம் நாற்காலி போட்டு அமரச் செய்தோம். 1/125 வினாடி, ஐ.எஸ்.ஓ. 800. முதல் இரண்டும் சிரிப்பில் அசைந்துவிட்டன. மூன்றாவதைப் பெரிதாக்கினோம், இமை மயிர்கூடத் தெரிந்தது. சட்டமிட்டுக் கொடுத்துவிட்டோம். இம்மலரின் பின்னட்டை உட்புறத்தில் இருப்பது அந்தப் படம்தான்.