டம் டம் தோட்டா: கொல்கத்தா புறநகரின் பெயர் ஆயுதத் தடையின் அடையாளமானது எப்படி?

கொல்கத்தா: விமானப் பயணிகளுக்கு டம் டம் என்பது கொல்கத்தா விமான நிலையம் அமைந்துள்ள பகுதி. போர்ச் சட்டம் பயில்வோருக்கோ அது ஒரு துப்பாக்கிக் குண்டின் பெயர். முந்தைய குண்டிலிருந்து அதனை வேறுபடுத்தியது, நுனியில் நீக்கப்பட்ட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உலோக உறை மட்டுமே.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 0.303 அங்குல ரைஃபிள்கள் பயன்பாட்டுக்கு வந்தன. அவற்றின் வேகத்தில் வெறும் ஈயக் குண்டு குழலில் படிந்துவிடும் என்பதால், ஈயத்தின் மீது செம்பு-நிக்கல் உறை போர்த்தப்பட்டது. ஆனால், இக்குண்டு உடலைத் துளைத்துச் சென்றபோதிலும் எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்று 1895 சித்ரால் போருக்குப் பின் புகார் எழுந்தது. டம் டம் தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, நுனி உறையை நீக்கி ஈயம் வெளியே தெரியுமாறு குண்டை மாற்றினார். உடலில் பாய்ந்ததும் மென்மையான ஈயம் காளான்போல் விரியும், காயமும் பெரிதாகும்.

இதில் சுடுபவருக்கும் ஆபத்து இருந்தது. உறையின் அடிப்பகுதி ஏற்கெனவே திறந்த நிலையில் இருந்தது. நுனியும் திறந்துவிட்டால், வெடிப்பின் அழுத்தம் ஈயத்தை மட்டும் வெளியே தள்ளி, உறையைக் குழலுக்குள்ளேயே விட்டுவிடக்கூடும். அடைபட்ட குழலில் அடுத்த குண்டைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். பின்னர் இங்கிலாந்தின் வூல்விச்சில், நுனியில் குழியுள்ள குண்டுகள் உருவாக்கப்பட்டன. மக்கள் வழக்கில் அவையும் டம் டம் குண்டுகளே.

1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் இவ்வகைக் குண்டுகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. காலனிப் போர்களில் 'நாகரிகமற்ற' எதிரிகள் சாதாரண குண்டுக்கு அஞ்சுவதில்லை என்று பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா வாதிட்டார். காயத்தின் அளவை இனத்தைப் பார்த்து முடிவு செய்யும் இவ்வாதம் ஏற்கப்படவில்லை. உடலில் எளிதில் விரியும் குண்டுகளையும், உட்கருவை உறை முழுமையாக மூடாத குண்டுகளையும் தடை செய்யும் பிரகடனம் ஜூலை 29 அன்று உருவானது. டம் டம் என்ற பெயர் அதில் இல்லை. வருணனையே போதுமானதாக இருந்தது.

எனினும், கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் நடத்தும் போருக்கு மட்டுமே அத்தடை பொருந்தியது. எல்லைப்புறப் பழங்குடியினர் அதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றனர். பிரிட்டன் 1907-இல் பிரகடனத்தை ஏற்றது. 1998-ஆம் ஆண்டு ரோம் சட்டம் இக்குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதைப் போர்க்குற்றமாக வரையறுத்தது. வேட்டைக்கும் காவல்துறைப் பணிக்கும் விரியும் குண்டுகள் இன்றும் பல நாடுகளில் பயன்படுத்தப்படுகின்றன.